மூச்சைப் பிடிக்கக் கூடாத கடல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதினால் வரி ஏறியும் இறங்கியும் போகும். எந்த நாளில் எது நடந்தது என்பதும் இப்போதெல்லாம் கலந்துவிடுகிறது. மலேசியா போய்வந்ததை நம் ஊர் நூலகத்து மலருக்கு எழுதித் தரச் சொல்லி லில்லி டீச்சர் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு பேர் கூடியிருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். பேசுவதற்கு எழுதுவது தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பன் பக்கத்துக் கரையில் ஐம்பது வருஷமாகக் கடலில் முங்கிப் பாசி எடுத்தவள். செத்துப்போன என் தங்கச்சியின் மகள் செல்வியை நான்தான் வளர்த்தேன். அவள் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டுத் தமிழ்ப் பையன் பிரகாஷைக் கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. லீவு நாட்களில் ஆட்களைத் தீவுக்குக் கூட்டிப் போய், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கடலுக்கு அடியில் இறக்கிக் காட்டுவார். அதற்கு டைவ் என்று பெயர்.

என்னையும் அப்படி ஒரு தடவை இறக்கிவிட வேண்டும் என்று செல்விக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். பாசி எடுக்கிறவள் கடலுக்கு அடியைப் பார்ப்பதில்லை. முங்கினால் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கிக்கொண்டு, மூச்சு முட்டுவதற்குள் மேலே வந்தாக வேண்டும். ஒரு நாளாவது அங்கே உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

போய் இறங்கிய மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தேன். செல்வியின் வீடு அங்கேதான், பதினோராவது மாடி. கீழே வந்தால் பாட்டுக் கடை, பூக்கடை, பலகாரக் கடை. மதுரையில் நடக்கிற மாதிரியே இருந்தது. ஒரு வித்தியாசம், ரோட்டைக் கடக்க எல்லோரும் விளக்குக்காக நிற்கிறார்கள். வண்டியே வராவிட்டாலும் நிற்கிறார்கள். நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் கல் பதித்திருந்தார்கள். அழகுக்குப் போட்டது என்று நினைத்து அதன் மேலேயே நின்று மல்லிகைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்டி, நீங்க என் ரோட்டுல நிக்கிறீங்க" என்று ஒரு குரல் கேட்டது. கண் தெரியாத ஒருவர், கையில் வெள்ளைக் கம்போடு நின்றார். அந்தக் கல் அவர்கள் காலால் தடவி வழி கண்டுபிடிக்கப் போட்டதாம். நான் பதறி விலகினேன்.

"தா பா லா, பரவால்ல. ஊருலேருந்து வந்திருக்கீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"இங்க உள்ளவங்க பூவ வாங்கிட்டு ஓடிருவாங்க. நீங்க மோந்துக்கிட்டே நிக்கிறீங்க."

பூக்காரம்மா சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. அன்று மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. பாகற்காயை மொறுமொறுவென்று வறுத்து வைத்தார்கள். மீன் குழம்பு நம் குழம்பைவிடப் புளிப்புக் குறைவு. கேட்காமலேயே சோறு போட்டுக்கொண்டே இருந்தார்கள், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் கிள்ளானுக்கு ரயில். அந்த ரயிலில் பெண்களுக்கென்று ரோஸ் நிறத்தில் தனிப் பெட்டி உண்டு. கூட்டமாக இருந்ததால் மாப்பிள்ளை என்னை அதில் ஏற்றிவிட்டு, "அத்தை, நான் பக்கத்துப் பெட்டில இருக்கேன். கிள்ளான் வந்ததும் நானே வந்து கூப்புடுவேன்" என்றார். நான் பார்த்தேன், ஒரு ஸ்டேஷனில் பொட்டு வைத்த பெண்கள் மூன்று பேர் பூக்கூடையோடு இறங்கினார்கள். நம்மவர்கள் இறங்குகிற இடம்தான் கிள்ளான் என்று நானும் இறங்கிவிட்டேன். ரயில் போய்விட்டது. ஊர் பாடாங் ஜாவா. முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் என் முழியைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். அவள் பேச்சு எனக்கும் என் பேச்சு அவளுக்கும் புரியவில்லை. சுருக்குப் பையில் செல்வி எழுதி வைத்த நம்பரைக் காட்டினேன். போன் போட்டுப் பேசிவிட்டு, மாப்பிள்ளை திரும்பி வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அவள் பெயரைக் கூடக் கேட்கவில்லை நான்.

கிள்ளானில் டாக்டர் என் காதையும் நெஞ்சையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு டைவ் சாமான் கடை. கடைக்காரர் ஒரு சீனத்து அம்மா. மாப்பிள்ளை அவரை "பாஸ்" என்று கூப்பிடுகிறார். உடம்போடு ஒட்டுகிற கறுப்பு ரப்பர் சட்டை ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொன்னார். நான் மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். கடலில் நாங்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுத்தான் இறங்குவோம். வழக்கப்படி விரல்களிலும் துணி சுற்றியிருந்தேன். பாறை கிழிக்காமல் இருக்க அப்படிச் சுற்றுவோம். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேலையை மட்டும் அவிழ்த்து வாங்கி, மடித்து, தன் நாற்காலியில் வைத்தார்.

கடைக்குப் பின்னால் நீச்சல் குளம். வாயில் குழாயைக் கடிக்க வைத்து மாப்பிள்ளை என்னை அடியில் உட்கார வைத்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் மாப்பிள்ளையின் கண் முகமூடிக்குள் பெரிதாகிக்கொண்டே போகிறது. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார், கையை ஆட்டுகிறார். நான் அசையவில்லை. கடைசியில் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"அத்தை! காத்து வாயிலயே இருக்கு. ஏன் இழுக்கல?"

"தண்ணிக்குள்ள யாராச்சும் மூச்சு விடுவாகளா?"

குளத்தின் ஓரத்திலிருந்து அந்தச் சீனத்து அம்மா ஏதோ மலாயில் கத்தினார். மாப்பிள்ளை எனக்குச் சொன்னார்: "புதுசா வர்ற எல்லாரும் பயத்துல ரொம்ப மூச்சு விடுவாங்களாம். மூச்சே விடாத ஆள இப்பதான் பாக்குறாங்களாம்."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சிலிண்டரோடு இறங்கினால் முதல் சட்டமே மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பதுதான். பிடித்துக்கொண்டே மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடுமாம். எந்த வித்தையை வைத்து ஐம்பது வருஷம் சோறு தின்றேனோ அதுதான் அங்கே ஆபத்து. திரும்ப இறங்கினேன். தெரியாமலே பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு தடவை ஆன பிறகுதான் ஒரு குமிழி வந்தது. அந்தச் சீனத்து அம்மா கரையில் நின்று, "அம்மா, மூச்சு! மூச்சு!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கூவிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் சேதி வந்தது. நாங்கள் போக இருந்த தீவில் பேய்க்காற்று. கடல் ஏறி, மழையில் குன்றின் மண் சரிந்து, படகுத் துறை போய்விட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். மாப்பிள்ளைக்கு எப்போதும் படகு ஓட்டுகிற ஹமிட் என்பவரைக் காணவில்லை. படகைக் கட்டப் போனவர் திரும்பவில்லை. ஹமிட்டின் அக்கா ரொஹானிதான் டைவ் செய்ய வருகிறவர்களைத் தங்க வைத்துச் சமைத்துப் போடுகிறவர். மாப்பிள்ளை சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடி வராந்தாவில் போய் நின்றுகொண்டார்.

நாங்கள் போவதற்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. எங்களோடு வர இருந்தவர்கள் நாலு பேர். சுங்கை வே என்ற ஊரில் இருக்கிற புருஷன் பெண்டாட்டி முதலில் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்கள். "பிரகாஷ், நாங்க அடுத்த வருஷம் பாத்துக்குறோம் லா. சாவு விழுந்த எடம்." மற்ற இரண்டு பேரும் கூட்டாளிகள், ஒரே தொழிற்சாலையில் வேலை. அவர்கள், "வரோம் அண்ணே. ஆனா மீன் மட்டும் வேண்டாம். கோழி போடச் சொல்லுங்க. கடல்ல ஆள் கெடக்கு, புரியுதுல்ல?" என்றார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களும் வரவில்லை என்றார்கள்.

வீட்டில் செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு முற்றியது.

"ஒரு மனுசன் இன்னும் தண்ணிக்குள்ள கெடக்காரு. நம்ம போயி மீன வேடிக்கை பாக்கணுமாக்கும்?" என்றாள் செல்வி.

"வேடிக்கையா? ஆறு வருஷமா அந்த வீட்டுல சாப்பிட்டிருக்கேன். இப்ப நான் போகலன்னா எப்படி?"

"அப்ப நீங்க போங்க. அரிசி, மருந்து வாங்கிட்டுப் போங்க. பெரியம்மாவ எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"சாமான் எல்லாம் அனுப்பிட்டேன். காக் ரொஹானி என்ன கேட்டாங்க தெரியுமா? 'நீ வரலயா'ன்னு கேட்டாங்க." காக் என்றால் அக்கா. அவர் என் பக்கம் திரும்பினார். "அத்தை, நீங்க சொல்லுங்க. நீங்க வரேன்னா நாம போறோம். வேண்டாம்னா நான் மட்டும் போயி துக்கம் கேட்டுட்டு வந்துர்றேன்."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் கரையில் கடலுக்குப் போன ஆள் கிடைக்காமல் போனால், அந்தக் கடல் பக்கம் பெண்கள் பாசிக்கு இறங்க மாட்டோம். பதினாறாம் நாள் கரையில் விளக்கு வைத்து, அந்த வீட்டுப் பெண் முதலில் தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவோம். இது அவர்கள் கடல், அவர்கள் மதம் வேறு, அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. தெரியாத துக்கத்துக்குள் காலை நனைப்பதா? ஆனால் ஆசையும் போகவில்லை. அதைச் சொன்னால் சாவு வீட்டில் பலகாரம் கேட்கிற மாதிரி இருக்கும். ஆகையால் ஒரு வாரம் நான் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை தினமும் வேலையிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் காப்பி போடப் போவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குப் போனோம். மாப்பிள்ளை பிறந்தது அங்கே, தோட்டத்தில். தீவு என்றதும் படகில் போவோம் என்று நினைத்து வாந்தி வராமலிருக்க எலுமிச்சம் பழம் எடுத்து வைத்தேன். பார்த்தால் பாலம்! கார் சும்மா ஏறிப் போய்விட்டது. கடலும் தெரியவில்லை. எங்கே திரும்பினாலும் எண்ணெய்ப் பனை, வரிசை வரிசையாக, நம் ஊர்ப் பனையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்த மாதிரி. கடைசியில் ஒரு கரைக்கு வந்தோம். சேறும் கண்டல் மரமுமாக இருந்தது. அங்கே பலகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. மாப்பிள்ளை மீனைச் சுடச் சொன்னார். மஞ்சளும் மிளகாயும் தடவி, வாழையிலையில் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். செல்வி தொடவில்லை. "இந்தக் கடலு வேறதான். ஆனாலும் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

அந்த நேரத்தில்தான் ரொஹானி மாப்பிள்ளைக்கு போன் செய்தார். எங்களுக்கும் கேட்கிற மாதிரி மாப்பிள்ளை போனைச் சத்தமாக வைத்தார். அந்த அம்மாள் மலாயில் பேசப் பேச மாப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"துறைக்குப் பலகை போட்டாச்சாம். வீட்டுக்கூரை பாதி ஆயிருச்சாம். எத்தன பேரு வரீங்கன்னு கேக்குறாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அத்தை, உங்களத்தான் கேக்குறாங்க. 'அந்த இந்தியா அம்மா மீன் சாப்பிடுவாங்களா? எல்லாரும் மீன் வேண்டாம்னு சொல்றாங்க. இங்க மீன விட்டா என்ன இருக்கு?'"

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுனாமி வந்த வருஷம் எங்கள் கரைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எந்தக் கரை மீனையும் யாரும் வாங்கவில்லை, மீன் பிணம் தின்றிருக்கும் என்று பேச்சு. ஒரு நாள் நாகப்பட்டினம் பக்கத்துப் பெண் ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். அலைக்கு முன்னாலேயே காயப்போட்டது என்றாள். ஒன்றே ஒன்று வாயில் போட்டுப் பாருங்கள் அக்கா என்றாள். கடலில் பிழைக்கிற நான், எல்லாம் தெரிந்த நான், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் எடுத்த கருவாட்டைத் திரும்பக் கூடையில் வைத்து, துணியால் மூடி, அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வாங்கவில்லை. தெருவின் கடைசிவரை அவள் போனதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடுவேன்னு சொல்லுங்க மாப்பிள" என்றேன். எனக்கே என் குரல் சத்தமாகக் கேட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "இன்னொன்னும் கேளுங்க. அந்தத் தம்பி கிடைக்காம இருக்கிற தண்ணில நாங்க இறங்கலாமா? அவுகளுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

மாப்பிள்ளை கேட்டார். அந்தப் பக்கம் கோழி கூவுகிற சத்தம் கேட்டது. பிறகு ரொஹானி மெதுவாகப் பேசினார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"'தம்பிக்காகத் தொழுகை வச்சுட்டோம். தேட வந்த டைவருங்க நாலு நாள்ல திரும்பிட்டாங்க. நாங்க மேல இருந்துதான் பாக்குறோம். கீழ போயிப் பாக்க எங்ககிட்ட ஆள் இல்ல. வர்றவங்க எதுக்கு வந்தாலும் சரி, கீழ ரெண்டு கண்ணு கூடுதலா இருந்தா எனக்கு நல்லதுதானே?' அப்படிங்கிறாங்க."

செல்வி என் இலையிலிருந்து மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், "நீங்க உள்ள போயி மூச்சப் பிடிச்சுக்குவீங்களே பெரியம்மா?"

"பழகிக்கிறேன்."

பழகிக்கொண்டேன். அதற்கப்புறம் மூன்று சாயங்காலம் கிள்ளான் குளத்தில் கிடந்தேன். தனியாகவே ரயிலில் போனேன். இந்தத் தடவை பூக்காரிகளைப் பார்க்கவில்லை, ஸ்டேஷன்களை விரலில் எண்ணினேன். அந்தச் சீனத்து அம்மா எங்களுக்குக் கொடுத்த சாமானுக்கு வாடகை வாங்கவில்லை. தீவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பெட்டி பிஸ்கட்டும் ஏற்றிவிட்டார்.

ரொஹானியின் தீவுக்குப் போனோம், நாங்கள் மூன்றே பேர். நாள் எண்ணிப் பார்த்தேன், ஹமிட் போய்ப் பத்தொன்பதாம் நாள். ரொஹானி என் வயதுதான் இருப்பார், அல்லது இரண்டு மூன்று குறைவு. பேச்சு ஒத்துவராததால் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் சாப்பாடு வைத்தார். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பு. நான் சாப்பிடுவதை அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முள்ளைக் கூட உறிஞ்சினேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். நான் எந்த வீட்டிலும் அப்படிக் கேட்டு வாங்கியவள் இல்லை.

மறுநாள் காலையில் இறங்கினோம். படகில் ஏறுகிறபோது, என் விரலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்ததை ரொஹானிதான் குனிந்து கட்டிவிட்டார். குனிந்தவர் எனக்கு முன்பாகவே முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டேன்.

கீழே நான் ஆசைப்பட்ட மாதிரி எல்லாம் இருந்தது என்று சொல்ல முடியாது. பவளம் உடைந்து வெள்ளையாகக் கிடந்தது. கூரைத் தகரம், கிழிந்த வலை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியின் காலைச் சுற்றிக் கட்டைவிரல் அளவு நீல மீன்கள் அதற்குள் குடி வந்துவிட்டன. மூச்சு விட்டேன். குமிழி காதோரம் கொட கொடவென்று போனது. எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு பாறைக்கு அடியிலும், ஒவ்வொரு தகரத்துக்குக் கீழேயும் நிதானமாகப் பார்த்தேன். மாப்பிள்ளை மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டியபோதும், இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினேன். மூன்று நாள், நாளுக்கு ஒரு முறை இறங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கரையில் நின்ற ரொஹானிக்கு இல்லை என்று தலையை ஆட்ட வேண்டியிருந்தது. அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உலை வைப்பார்.

டீச்சர், இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சிலதைச் சரிபார்க்க வேண்டும். நான் தவறி இறங்கிய ஸ்டேஷன் பாடாங் ஜாவாதானா என்று செல்வியிடம் கேளுங்கள். ரோஸ் பெட்டி எல்லா ரயிலிலும் உண்டா என்பதும் எனக்குத் தெரியாது. இன்னொன்று முக்கியம். ஹமிட்டைக் காணவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். நான் விமானம் ஏறிய நாள்வரை அப்படித்தான். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கிடைத்திருந்தால் அந்த வரியை மட்டும் மாற்றிப் போடுங்கள். மற்றதெல்லாம் நான் எழுதினபடியே இருக்கட்டும்.